ராஸ்கோ இல்லாத பாட்டு

மார்ச் 4, புதன்

டார்நெட்டாவின் அழகு நிலையத்தில், தலையில் சுருள்களோடு உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் ஏதோ டான்ஸ் பாட்டு. நடுவில் ஒரு பெண்குரல், "போகாதே, போகாதே" என்று இழுத்தது.

அது நான்.

1968-இல், இதே மெம்பிஸில், ராஸ்கோ டேட் பாடிய பாட்டு. அவனுக்குப் பின்னால் நின்று நான் பாடிய அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து, சிகாகோவில் யாரோ ஒரு பையன் புதுத் தாளம் போட்டிருக்கிறானாம். ராஸ்கோவின் குரலே இல்லை.

"மிஸ் வீனியா, இது நீங்களா? ஊரே இதுக்குத்தான் ஆடுது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள் டார்நெட்டா.

எனக்கே இப்போதுதானே தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

ராஸ்கோ சர்ச்சுக்கு வரவில்லை. அவன் இடம் காலியாக இருக்க, பாடகர் குழு பாட்டை இழுத்துக்கொண்டே போனது.

போன் செய்தேன். "எலும்பெல்லாம் எடுத்துட்டு, குழம்ப மட்டும் வச்சிருக்காங்க. நல்லாத்தான் இருக்கும், குடி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

என்மேல் ஏன் கோபம்? பாட்டிலிருந்து அவனை நானா வெட்டினேன்?

மார்ச் 9

பழைய இசைத்தட்டைப் போட்டுக் கேட்டேன். மூன்றாவது சரணத்தில் அவன் குரல் உடையும் இடம். அன்று ஸ்டூடியோவில் யாரும் அப்படிப் பாடச் சொல்லவில்லை. டிரம்ஸ்காரர் கையை நிறுத்திவிடப் பார்த்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அந்தப் பாட்டைத் திரும்பப் பாடிவிட்டார்கள், அழகாகவும் பாடினார்கள். அந்த உடைசல் மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

அப்புறம் பையனுடையதைக் கேட்டேன். வேண்டுமென்றே குறை தேடினேன். வரிக்கு முன்னால் நான் மூச்சு இழுப்பதைக்கூட அவன் விட்டுவைத்திருக்கிறான். அந்த மூச்சில்தான் தாளமே தொடங்குகிறது. என்ன காது அவனுக்கு!

இரண்டும் பிடித்திருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

ஏப்ரல் 2

ஆற்றங்கரைப் பூங்கா கச்சேரியில் அந்தப் பாட்டைப் பாட என்னைக் கூப்பிடுகிறார்கள். என்னை மட்டும்.

ஏப்ரல் 4, சனி

கெளுத்தி மீன் பொரித்து எடுத்துக்கொண்டு ராஸ்கோ வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அந்தப் புதுப்பாட்டு கேட்டது. என்னைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"நிறுத்தாதே. உனக்கும் பிடிச்சிருக்கு, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? பொல்லாத பையன் அவன்." மீனை எடுத்து, முள்ளை விலக்கிக்கொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை. "நாப்பது வருஷமா உனக்கு முன்னாடி நின்னே பாடிட்டேன் வீனியா. நீ பாடுறது எனக்குக் கேக்கவே இல்ல."

கச்சேரியைப் பற்றிச் சொன்னேன்.

"போய்ப் பாடு."

"தனியா மாட்டேன்."

"அப்ப பின்னாடி யாரு?"

"நீதான்."

ஒருவழியாக மீனை வாயில் வைத்தான். பிறகு, "ஆடச் சொல்லக் கூடாது. முட்டி வலி" என்றான்.

மே 2, சனி

பாடியாயிற்று. இருபது வயதுப் பிள்ளைகள் என் வரியை வாய்விட்டுப் பாடுகிறார்கள். முதல் சுற்றில் ராஸ்கோ பழக்கதோஷத்தில் எனக்கு முன்னாலேயே குரலைத் தூக்கிவிட்டான். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அடங்கிக்கொண்டான்.

மூன்றாவது சரணத்தில் நானே ஒதுங்கி, மைக்கை அவன் பக்கம் திருப்பினேன். அந்த உடைசல் இன்னும் இருக்கிறது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

இறங்கும்போது சொன்னான்: "பின்னாடி நிக்கிறது லேசுன்னு நெனச்சேன். மூச்சு வாங்குது."

மே 5

காலையில் ராஸ்கோ போன் செய்தான். அடுத்த கச்சேரிக்கு வியாழக்கிழமை ஒத்திகையாம். எந்தச் சுருதி எனக்குச் சௌகரியம் என்று கேட்டான். அதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பியானோவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சுருதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.