திரைக்குப் பின்னால் முள் வைப்பவள்

அக்டோபர் 8, சனி. ஏக்ரன்.

இன்று அறுபத்து நான்காவது ரிக்கார்டு வந்து சேர்ந்தது. கிரே ஃபெரி குழுவின் 1973ஆம் ஆண்டு ஆல்பம். பாட்டும் அதேதான், அட்டைப்படமும் அதேதான். எந்த ஆலையில், எத்தனையாவதாக அச்சடித்தார்கள் என்பதைப் பொறுத்துச் சத்தம் மாறுமாம். லேபிளைச் சுற்றிக் கீறியிருக்கும் எண்களை என் கணவன் வெர்ன் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தான். நான் இன்ஹேலரும் கையுமாகப் பக்கத்தில் நின்றேன். என்னை அப்படி உற்றுப் பார்த்து எத்தனை வருடமாகிறது!

“இதுதான் அதுன்னு தோணுது, லோ.”

ஒவ்வொன்றுக்கும் இதையேதான் சொல்கிறான்.

அக்டோபர் 11

டாக்டர் இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. “இந்த வீட்டுல இன்னொரு குளிர்காலம் இருந்தீங்கன்னா நுரையீரல் தாங்காது.” நிலவறை ஈரம், அங்கே அடுக்கியிருக்கும் பழைய ரிக்கார்டு அட்டைகளின் பூஞ்சை, எல்லாம் என் நெஞ்சுக்குள். பாலைவன ஊரான டூசானில் மகள் ஜனீன் பின்னறையைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். இந்த ஏக்ரன் மாதிரி இல்லை, அங்கே காற்று காய்ந்திருக்கும்.

காரில் வரும்போது வெர்ன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “அந்த ஒரு நல்ல ரிக்கார்டு கிடைச்சதும் மத்ததெல்லாம் வித்துட்டுக் கிளம்பிரலாம். சத்தியமா.”

இந்தச் சத்தியத்துக்கு வயது ஆறு.

நான் மட்டும் போனால் என்ன? அவனுக்கு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது. — இல்லை, பொய் எழுதுகிறேன். வருவான் என்று இன்னும் நம்புகிறேன், அதுதான் காரணம்.

அக்டோபர் 22

இறந்துபோன ஒரு பல் டாக்டரின் வீட்டுச் சாமான்கள் விற்பனை. விடியும் முன்பே போய் வரிசை எண் வாங்கினோம். மூன்றாவது ஆள். வெர்ன் சோபா, பீங்கான் எதையும் பார்க்காமல் நேராக நிலவறைக்கு ஓடினான். அறுபத்தைந்து.

நவம்பர் 5, சனி

மாதப் போட்டி. வெர்னின் நண்பன் டுவெய்ன் வந்தான். இருபது வருடமாக இவனும் வெர்னும்தான் நடுவர்கள், நான்தான் திரைக்குப் பின்னால் ரிக்கார்டில் முள் வைப்பவள். எது எந்தப் பிரதி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எண்ணை மட்டும் சொல்வேன். அவர்கள் கண்ணை மூடிக் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று எழுதுவார்கள். ஒரே பாட்டை மதியம் முழுக்க ஆறு தடவை, ஏழு தடவை. எனக்கும் காது இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் நினைத்ததில்லை.

இன்று நான்காவதாக வைத்தது பல் டாக்டருடையது. பாடுவதற்கு முன் அந்த ஆள் மூச்சை இழுப்பது கேட்டது. மற்ற அறுபத்து நான்கிலும் இது கேட்டதே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். வெர்ன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“டேய் வெர்ன், நான் செத்தேன்டா!” என்று டுவெய்ன் கத்தினான். பத்து போட்டிருந்தான்.

வெர்ன் போட்டது ஆறு. “மேல் ஸ்தாயில சத்தம் கொஞ்சம் காது கூசுது” என்றான்.

நவம்பர் 6

ஆறா?

நவம்பர் 9

வயதாகிவிட்டது, காது மந்தமாகியிருக்கலாம். ஆனால் மந்தமான காது எதற்கு அழ வேண்டும்? நேற்றிரவும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். படுத்தால் மூச்சு நிற்கிறது. இன்னும் எத்தனை வரும்? அறுபத்தாறு, எழுபது, நூறு... எனக்குப் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 3, சனி

செய்துவிட்டேன்.

பல் டாக்டரின் ரிக்கார்டையே நான்கு தடவை வைத்தேன். ஒன்று என்றேன், இரண்டு என்றேன், நடுநடுவே வேறு உறைகளைச் சரசரவென்று உருவி நாடகமும் ஆடினேன்.

டுவெய்ன்: பத்து, பத்து, பத்து, ஒன்பதரை. “அந்த அரை மார்க் உன் காபிக்காகக் கழிச்சது, லொரெட்டா.”

வெர்ன்: ஆறு, ஐந்து, ஐந்து, மூன்று.

திரையை விலக்கி, நான்கும் ஒன்றுதான் என்று சொன்னேன். டுவெய்ன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு வெர்ன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

“தெரியும்” என்றான் வெர்ன். “போன மாசமே இதுதான் நான் தேடினதுன்னு தெரியும். இன்னிக்கு நாலும் அதுதான்னும் தெரியும்.”

“அப்புறம் எதுக்கு மூணு போட்ட?”

“பத்துன்னு எழுதிட்டா அதுக்கப்புறம் நான் என்ன பண்றது, லோ?”

எனக்கு இளைப்பு வந்துவிட்டது. அவன்தான் ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்து வந்தான், முதுகைத் தடவிக் கொடுத்தான். நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது. பாவம், அவனும்தான் அந்த நிலவறையில் மாட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் அவனுக்கு அங்கே மூச்சு வருகிறதே!

டிசம்பர் 4

டிக்கெட் போடச் சொல்லி ஜனீனிடம் சொன்னேன். எத்தனை என்று கேட்டாள். ஒன்று.

ஜனவரி 14, சனி. டூசான்.

வெர்ன் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

“லோ, பத்து போட்டுட்டேன்! தனியா உக்காந்து, முழுசாக் கேட்டு, என் கையால எழுதிட்டேன்.”

“அப்ப எப்ப வர்ற?”

ரிக்கார்டைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.

“முதல் பக்கத்துக்குத்தான் பத்து. ரெண்டாம் பக்கம் அவ்வளவு சரியில்ல. அதுக்கு மட்டும் வேற ஒரு ரிக்கார்டு பாத்துட்டேன்னா...”

“பாரு” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டானா என்று கேட்டேன், சாப்பிட்டானாம்.

போனை வைத்ததும் ஜனீன் எட்டிப் பார்த்தாள். “அப்பா எப்ப வராராம்?”

“வரமாட்டார்டி.”

ஐந்து வாரமாகப் பாதி பிரித்தபடியே கிடந்த என் பெட்டியை இன்று முழுவதும் பிரித்தேன். கோடைத் துணிகளையும் அலமாரியில் அடுக்கிவிட்டேன்.