கல்லுக்கு அந்தப் பக்கம் கிணறு

4 மார்ச் 2024, திங்கள்

சேவூரில் புறவழிச்சாலைக்குக் கல் நட்டுவிட்டார்கள். என் நிலத்தில் ஒரு சாண்கூடப் போகவில்லை. கொழுந்தன் ஜெயவேலுக்குப் பாதி போகிறது. மிச்சம் என் வயலை ஒட்டி நிற்கும்.

"என்னா கொழுந்தனாரே, இனிமே லாரிக்காரன்லாம் உங்க தலமாட்டுலதான் ஆரன் அடிப்பான்" என்றேன்.

"உங்க வாய வுடவா சத்தமா அடிச்சிடப் போறான் அண்ணி?" சிரித்தார்.

வரும்போது திரும்பிப் பார்த்தேன். கிணறு கல்லுக்கு அந்தப் பக்கம், சாலைக்குப் போகிற நிலத்தில்! என் சிரிப்பு போய்விட்டது. பாகம் பிரித்தபோது கிணறு அவர் பட்டாவில் போனது. தண்ணீர் ஒருநாள் அவருக்கு, ஒருநாள் எங்களுக்கு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். பேசி முடித்த மாமனார் இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை.

9 மார்ச்

மதிப்புப் போட ஆபீசர் வந்தார். கிணற்று ஆழம், கட்டுக்கல், மோட்டார், தென்னை எல்லாம் எழுதிக்கொண்டார்.

"என் தண்ணிக்கு எவ்ளோ சார் போட்டீங்க?"

"பட்டாதாரருக்குத்தாம்மா பணம். உங்க பங்க அவர் ஒத்துக்கணும். தகராறுன்னா பணம் கோர்ட்டுக்குப் போயிடும்."

ஜெயவேல் கிணற்றுக்குள் எதையோ பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே என்ன தெரிகிறது?

10 மார்ச்

இன்று என் முறை. மோட்டார் போடப் போனேன். அவர் பெண்டாட்டி சங்கீதா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

2 ஏப்ரல்

தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. கேட்டுவிடலாமா? கேட்டால், "என்மேல நம்பிக்க இல்லியா அண்ணி" என்பார். கேட்காமல் விட்டால்? தண்ணீர் இல்லாத வயலை என்ன செய்வது, படம் பிடித்து மாட்டுவதா?

11 ஜூன்

விசாரணை. எல்லார் எதிரிலும் ஆபீசர் கேட்டார், "கிணத்துல வேற யாருக்காவது பங்கு இருக்கா?"

நான் கொழுந்தனார் முகத்தைப் பார்த்தேன். ஜெயவேல்தான் எழுந்தார். சங்கீதா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணிக்கு இருக்குதுங்க. கால் பாகம்."

காலா? அடப்பாவி, பாதிடா!

"சரியாம்மா?" என்றார் ஆபீசர். எனக்குச் சாட்சி யார்? கோர்ட்டுக்குப் போனால் பணத்தை நான் செத்த பிறகு என் காரியத்துக்குத்தான் தருவார்கள்.

"சரிங்க" என்றேன்.

வெளியே வந்து, "முக்கால் கொழுந்தனாரே, ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க" என்றேன். அவர் நிமிரவே இல்லை.

19 ஜனவரி 2025

கிணற்றை மண் கொட்டி மூடிவிட்டார்கள். வந்த கால் பங்குப் பணத்தோடு நகையையும் அடகு வைத்து என் நிலத்தில் போர் போட்டேன். தண்ணீர்!

2 பிப்ரவரி

ஜெயவேலும் சங்கீதாவும் வந்தார்கள்.

"எங்க பக்கம் போர் போட்டதுல வெறும் புழுதிதான் அண்ணி. பயிரு காஞ்சிகினு கீது."

"நாலு நாளைக்கு ஒருநாள் எடுத்துக்குங்க" என்றேன். கால்தானே கணக்கு?

சங்கீதா தலையைக் குனிந்துகொண்டாள். அவர், "சரிங்க அண்ணி" என்றார். நான் சொன்ன அதே சரிங்க.

3 பிப்ரவரி

இன்று அவர் முறை இல்லை. அந்தப் பக்கம் நெல் வாடி மஞ்சளாக நிற்கிறது. மடையை அங்கே திருப்பிவிட்டு வந்தேன்.