தரையில் யாரும் நிற்காத தெரு

அன்பு மச்சான் முனிரத்தினத்துக்கு,

இன்று காலை ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். நடுவில் நிறுத்தாமல், முழுசாக. உனக்குச் சொல்லவேண்டிய முதல் சேதி இதுதான், மற்றதெல்லாம் அப்புறம்.

தினமும் விடிந்ததும் கோவிந்தி சொம்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைக்கிறாள். வைத்துவிட்டுப் போவதில்லை. நான் குடித்து முடிக்கிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏன் நிற்கிறாய் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நீ கண்ணை மூடியபிறகு என் தங்கை சித்தூருக்கு என்னிடமே வந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து இதுதான் எங்கள் காலை.

புத்தூர்ச் சந்தையில் அந்தச் செவலை வெறிநாய் ஒரே ஓட்டத்தில் நம் இருவரையும் கடித்துவிட்டுப் போனதே, அதை நான் மறந்த நாளில்லை. எனக்கு ஆடுசதையில் ரத்தம் கொட்டியது. உனக்குக் கணுக்காலில் ஒரு கீறல். நான் மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. நீ என்ன சொன்னாய்? "இத்துணூண்டு கீறலுக்கு வயித்துல ஊசியா? நீ போய்க் குத்திக்கினு வா மச்சான். நான் பச்சிலை துன்னுட்டு தறியப் பாக்கறேன்." உன் ஊர் நகரிக்கே கேட்கிற மாதிரி சிரித்தாய். பயந்தாங்கொள்ளி மாஸ்டர் என்று எனக்குப் பட்டமும் கட்டினாய்.

உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. வற்புறுத்தினால் இன்னும் கேலி செய்வாயே என்று எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தை என்னவென்று சொல்வது மச்சான்?

அப்புறம் ஒரு மத்தியானம் தாகமென்று தண்ணீர் கேட்டாய். கோவிந்தி சொம்பை நீட்டினாள். தண்ணீரைப் பார்த்ததுமே நீ அலறினாய். அதற்குமேல் எழுத மாட்டேன். நானும் அந்த அறையில்தான் இருந்தேன்.

ஊசி முழுசாகப் போட்டுக்கொண்டீர், இனி கவலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது புத்திக்குப் புரிகிறது, தொண்டைக்குப் புரியவில்லை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் கவனிக்கிறேன். அந்த வெறி வருஷம் கழித்துக்கூட வருமாமே என்று யாரோ டீக்கடையில் சொன்னதை வேறு கேட்டுத் தொலைத்தேன். என் பிழைப்போ தண்ணீர்க் கலர். ஒரு படம் முடிவதற்குள் பிரஷ்ஷை எத்தனை தடவை டம்ளரில் நனைக்கவேண்டும், நீயே யோசித்துப் பார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் அசைகிறது. ஒவ்வொரு தடவையும் நான் என் தொண்டையைப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்த லட்சணத்தில், திருப்பதியில் ஒரு கண்காட்சி, பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர்கள் எல்லாரும் ஆளுக்கொரு படம் தரவேண்டும், தலைப்பு 'நம் ஊர்' என்று உத்தரவு வந்தது. புத்தூர்ச் சந்தைத் தெருவைப் போட உட்கார்ந்தேன். அந்த நாயைப் போட எனக்குக் கை வரவில்லை. போட்டால் அது என் வீட்டுக்குள்ளேயே இருக்குமே! ஆட்களை மட்டும் போட்டேன். காய்க்காரி வண்டிமேல் ஏறி நிற்கிறாள். பிள்ளைகள் புளியமரத்தில். ஒரு பெரியவர் மதில்மேல் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு. இரண்டு பெண்கள் கூரைமேல். கீழே தெரு மட்டும், வெறும் செம்மண். முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, ஒருத்தர் காலும் தரையில் இல்லை.

திருப்பதிக்குக் கோவிந்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் புத்தலப்பட்டில் பஸ் நின்றபோது வெளியே ஒரு நாய் ரோட்டைக் கடந்தது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த நாங்கள் இரண்டு பேரும் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கண்காட்சியில் என் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பொம்ம பாகுந்தி மாஸ்டரு, நல்லா கீது. ஆனா ஜனம் ஏன் மேல ஏறிக்கினு கீறாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நம் ஊர் வாத்தியார் ஒருவர் முந்திக்கொண்டார். "தெரியலியா சார்? ஆந்திரா தனியா வந்தாச்சு, மெட்ராஸோட எல்லை மட்டும் முடியல. புத்தூரு, நகரி எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது. காலை எங்க வைக்கிறதுன்னு ஜனம் தவிக்குது!"

கைதட்டினார்கள் மச்சான். தெலுங்குக்காரர்களும் தமிழ்க்காரர்களும் சேர்ந்து என் முதுகில் தட்டினார்கள். இன்ஸ்பெக்டருக்கு மட்டும் வியர்த்தது, படத்தை ஒரு மூலைக்கு மாற்றச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். எல்லையை நினைத்துப் பயப்படுகிறவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. டம்ளர் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுகிறவனுக்கு என்ன உண்டு?

கூட்டம் கலைந்தபிறகு கோவிந்தி படத்தின் கிட்டே போனாள். ரொம்ப நேரம் அந்தச் செம்மண்ணையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அது எந்தப் பக்கமாண்ணா போச்சி?"

நான் போடாத அந்த நாயைத்தான் கேட்கிறாள். "தெரியலம்மா" என்றேன்.

"கூரை மேல குந்திக்கினு கீறவ நானா?"

"ஆமாம்மா."

"என்னக் கீழ எறக்கி உட்டுடுண்ணா. யாரான ஒருத்தர் எறங்கினாத்தான மத்தவங்க எறங்குவாங்க."

அவள்தான் உனக்குச் சொம்பை நீட்டியவள். அவள் இதைச் சொல்கிறாள். நான் அந்த மண்டபத்திலேயே அழுதுவிட்டேன். படத்தைப் பாராட்டியதற்கு அழுகிறேன் என்று வாட்ச்மேன் நினைத்திருப்பான்.

படம் இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. நகரி எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகவில்லை, ஆனால் உன் தறியை உன் தம்பி ஓட்டுகிறான், அதைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்கு இருக்கிற கவலை வேறு. தண்ணீர்க் கலரில் காய்ந்துபோன ஓர் ஆளை அழிக்கவேண்டுமென்றால் அந்த இடத்தை நன்றாக நனைக்கவேண்டும். நனைத்து, ஊறவிட்டு, துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். டம்ளர் தண்ணீர் போதாது. மூன்று நாளாகப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கை போகவில்லை. நீ இருந்தால் சிரிப்பாய். சிரி.

நாளைக் காலையில் அவள் சொம்பைக் கொண்டுவந்து வைப்பாள். பாதியை அவள் கண்முன்னாலேயே குடிப்பேன். மீதிப் பாதியைப் படத்தின்மேல் விட்டு உன் பெண்டாட்டியைக் கூரையிலிருந்து தரைக்கு இறக்குவேன். பயம் போனபிறகு என்று சொல்லவில்லை மச்சான், அது போகிற மாதிரித் தெரியவில்லை. பயந்துகொண்டேதான் இறக்குவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
அன்று உன் கையைப் பிடித்து இழுக்காத மச்சான்,
கோவிந்தியின் அண்ணன்.