ஐந்து மணி நேரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாவல் பத்தாவது பதிப்பு கண்டுவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம், "கடைசியில அந்தப் பொண்ணை ஏன் சார் சாகடிச்சீங்க?" என்று கண் கலங்குகிறார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள், என் அக்காதான் என்று எந்த வாயால் சொல்வேன்?

உன்னிடம் கேட்காமல் உன் கதையை எழுதினேன். அச்சகத்தில் பிழை திருத்த அது உன் மேசைக்குத்தான் வரும் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. நீயும் திருத்தி அனுப்பினாய். நாவலில் அவள் ரயில் நிலையத்தில் தன் காதலனுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்ததாக எழுதியிருந்தேன். 'மூன்று' என்பதை அடித்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் 'ஐந்து' என்று எழுதியிருந்தாய்.

விமர்சகர்கள் அந்த ஐந்து மணி நேரத்தைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். நேற்று மேடையில் ஒருவர், "அது எப்படி சார் தோணுச்சு?" என்று கேட்டார்.

"தானா வந்துச்சு" என்றேன், அக்கா.

உன் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாத
தம்பி