நாற்பத்தொன்றாம் பக்கம்

கூடுவாஞ்சேரி
12.1.2025

என் அன்புச் சல்மாவுக்கு,

விஜி எழுதுகிறேன். நீயும் சௌகத் அண்ணனும் மஹீராவும் சுகந்தானே? அண்ணனுக்கு இடது பக்கம் இப்போதாவது அசைவு வந்ததா? பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மஹீரா நன்றாகப் படிக்கிறாளா?

போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் தபால். இப்படியாடி ஒரு கோபம் இருக்கும்? அண்ணன் பக்கவாதத்தில் படுத்த பிறகு நீ மாமல்லபுரம் போய்விட்டாய். ஒரு வருடம் பார்த்தேன். கேளம்பாக்கம் அறையை நான் ஒருத்தி எத்தனை நாள் வைத்துக்கொண்டிருப்பேன்? உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டறையைக் கூடுவாஞ்சேரிக்கு மாற்றியது தப்புதான். ஏழு வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தவர்கள், அதற்காகப் பேசாமலே இருந்துவிடுவோமா?

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். இத்துடன் ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். 'காகிதக் கைவினை: சொற்கள், கருவிகள், செய்முறைகள்.' நான் எழுதியது! நம்புவாயா? தாளின் கனம் பார்ப்பதிலிருந்து சுருள் வேலை, எழுந்து நிற்கும் வாழ்த்து அட்டை வரைக்கும் எல்லாம் தமிழில். பதிப்பாளர் காசிநாதன் சார், "இந்த மாரி ஒரு புக்கு தமிழ்ல இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லி என்னை எழுத வைத்தார். செங்கல்பட்டில் வெளியீடு. நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பெண்கள் என்னிடம் இந்தப் புத்தகத்தை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு பக்கம் எழுதும்போதும் உன் நினைப்புதான். படித்துவிட்டு நாலு வரி எழுது. என் மேல் இருக்கும் கோபத்தைப் புத்தகத்தின் மேல் காட்டாதே.

உன் விஜி

~

மாமல்லபுரம்
20.1.2025

விஜிக்கு,

புத்தகம் வந்தது. கவரை ஸ்டேப்ளர் அடித்து அனுப்பியிருக்கிறாய். பசையே இல்லாமல் ஒற்றைத் தாளில் கவர் மடித்து ஊருக்கெல்லாம் கொடுத்த பட்டறை நம்முடையது. உனக்கு அந்த மடிப்பு கடைசி வரை வரவில்லை, பார்த்தாயா. அதைப் பார்த்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

பிறகு புத்தகத்தைத் திறந்தேன். சிரிப்பு போய்விட்டது.

"தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கவில்லையோ, அதுதான் நார் ஓட்டம். அதன் வழியே மடி. குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து வெள்ளை தெரியும்." இது யார் எழுதியது விஜி? "எலும்புக் கோல் கிடைக்காதவர்கள் பழைய டூத்பிரஷ் காம்பைத் தேய்த்து வைத்துக்கொண்டு மடிப்பை அழுத்தலாம்." அது என் வீட்டுக்காரர் பிரஷ்! நீல நிறம், தலை உடைந்தது. மேட்டு மடிப்பு, பள்ள மடிப்பு, கோடழுத்துதல், தேய்த்துப் படிய வைத்தல்... ஒவ்வொரு சொல்லாக யோசித்து யோசித்து, கற்க வந்த பெண்களின் வாயில் எது நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, பச்சை அட்டை நோட்டில் நான் எழுதி வைத்தது. நான் அவசரமாகக் கிளம்பியபோது மேசை டிராயரில் விட்டுவிட்டு வந்த நோட்டு. ஒரு காற்புள்ளியைக்கூட நீ மாற்றவில்லை. சோம்பேறி.

அதெல்லாம்கூடப் போகட்டும். ஆறு வயதில் மஹீரா நம் மேசைக்கடியில் உட்கார்ந்து ஒரு துண்டுத் தாளை வி மாதிரி மடித்து அட்டையின் நடுவில் ஒட்டினாள். அட்டையைத் திறந்தால் அது எழுந்து நின்றது. கைதட்டி அதற்கு 'மஹீரா மடிப்பு' என்று பெயர் வைத்தது நீதான். உன் புத்தகத்தில் அது 'பிரபா மடிப்பு' ஆகியிருக்கிறது. உன் மகள் பிரபா வாழ்நாளில் ஒரு தாளை மடித்திருக்கிறாளா?

மஹீரா அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். "பிரபாக்கா பேரும் நல்லாத்தான் கீது உம்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

எனக்கு மூன்று வேண்டும். என் நோட்டு திரும்பி வர வேண்டும். அடுத்த பதிப்பில் அட்டையில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வர வேண்டும். மஹீராவின் மடிப்பு மஹீராவுக்கு.

இல்லை, எல்லாம் நீயே எழுதியது என்று சாதிப்பாயானால், நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்துப் பார். அது யாருடைய குறிப்பு என்று அந்தப் பக்கமே காட்டிக்கொடுக்கும். என்னவென்று நான் சொல்ல மாட்டேன். கத்தி பிடித்தவளாக இருந்தால் உனக்கே தெரியும்.

சல்மா

~

கூடுவாஞ்சேரி
29.1.2025

சல்மாவுக்கு,

உன் கடிதம் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. சோம்பேறி, திருடி. இரண்டாவதை நீ எழுதவில்லை, எழுதாமலே சொல்லியிருக்கிறாய்.

நோட்டில் எழுதியது உன் கை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அறையில் நீ மட்டுமா இருந்தாய்? நீ தலையைக் குனிந்து வெட்டிக்கொண்டே இருப்பாய், யார் வந்தாலும் நிமிர மாட்டாய். வருகிறவர்களிடம் சிரித்துப் பேசியது யார்? ஐ.டி. கம்பெனிப் பெண்களை வகுப்புக்கு இழுத்து வந்தது யார்? 'பள்ள மடிப்பு' என்று நீ சொன்னதை ஐம்பது பேருக்கு ஐம்பது தடவை சொல்லிப் புரிய வைத்தது என் தொண்டைதானே?

அட்டையில் இரண்டு பேர் போடலாமா என்று நான் கேட்காமல் இல்லை. "ரெண்டு பேரு போட்டா யாரு இன்னான்னு குழப்பமாப் பூடும்மா, ஒண்ணே போதும்" என்று காசிநாதன் சார் சொல்லிவிட்டார். மடிப்புக்குப் பெயர் வைத்தது பிரபா ஆசைப்பட்டுக் கேட்டதால். கல்யாணமாகிப் போகிற பெண், மனசு கேட்கவில்லை. ஒரு பெயரில் என்னடி இருக்கிறது?

நோட்டு டைப் அடிக்கப் போன இடத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது. தேடச் சொல்லியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். நேர்க்கோட்டில் வெட்டுவது எப்படி என்று இருக்கிறது, ஸ்கேலும் புள்ளிக்கோடும் போட்ட படம் இருக்கிறது, எழுத்துப்பிழைகூட இல்லை. சும்மா மிரட்டாதே.

உன் மனசு ஆற வேண்டும் என்று அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: 'தாள் வெட்டி உதவிய தோழி உம்மு சல்மாவுக்கு நன்றி.' இதற்கு மேல் என்னால் முடியாது.

விஜி

~

மாமல்லபுரம்
5.2.2025

திருமதி விஜயகுமாரி அவர்களுக்கு,

தாள் வெட்டி உதவியவள் எழுதுகிறேன்.

நன்றி எனக்கு வேண்டாம். அந்த வரியை எடுத்துவிடுங்கள். இங்கே சிலை விற்கும் கடைகளுக்குக் காகிதப் பை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு யாரும் நன்றி போடுவதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை.

மூன்று தடவை படித்தும் தெரியவில்லை என்றால் நூறு தடவை படித்தாலும் தெரியாது. எழுதியவர் நீங்கள்தானே, நீங்களே கண்டுபிடியுங்கள். வாய்விட்டுக் கேட்டால்கூட இனிமேல் நான் சொல்வதாக இல்லை.

உம்மு சல்மா

~

கூடுவாஞ்சேரி
2.3.2025

சல்மா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

போன ஞாயிறு வகுப்பில் பூங்கொடி என்ற பெண் கையை வெட்டிக்கொண்டாள். மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஆறு நாள் கம்பெனி பஸ், ஏழாவது நாள் என் வகுப்பு. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வரி வரியாகச் செய்கிறவள். நாற்பத்தொன்றாம் பக்கம். கனமான அட்டை. அழுத்தி இழுத்திருக்கிறாள். ஸ்கேலைப் பிடித்திருந்த இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மேசையெல்லாம் ரத்தம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். உள்ளே நரம்பு அறுந்ததால் விரல் இனி முழுசாக மடங்காதாம். சின்னச் சின்னக் கிளிப் மாட்டுகிற வேலை அவளுக்கு. அந்த விரல் இல்லாமல் லைனில் நிற்க முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு அந்தக் கத்தியை நானே கையில் எடுத்தேன். சிரிக்காதே சல்மா, வாழ்க்கையில் முதல் தடவை. "கத்தி ஸ்கேலின் இடது ஓரத்தில் ஓட வேண்டும்" என்று எழுதியிருந்தபடி வைத்தேன். வலது கை ஸ்கேலைத் தாண்டிக் குறுக்கே போய், கத்தி நேராக இடது கை விரல்களுக்கு மேலே வந்து நின்றது.

நீ இடக்கைக்காரி. வலது கையால் ஸ்கேலைப் பிடித்து இடது கையால் வெட்டுகிறவள். உனக்கு அது சரி. ஏழு வருடம் உன் எதிரே உட்கார்ந்திருந்தேன், எனக்கு அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. மற்ற பெண்கள் கைக்குத் தோதாக மாற்றிப் பிடித்துச் சமாளித்திருக்கிறார்கள். இவள் மாற்றவில்லை.

நோட்டு தொலையவில்லை. பொய் சொன்னேன். என் பீரோவில்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் "இதெல்லாம் என் கைக்கு எழுதியது, மற்றவர்களுக்கு மாற்றிச் சொல்ல வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நான் டைப் அடிக்கக் கொடுக்கவில்லை. என்னவோ உன் சொந்தக் குறிப்பு என்று விட்டுவிட்டேன்.

ஆனால் உனக்கு ஜனவரியிலேயே தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ஒரு வரி போதுமே சல்மா! "கத்தி இடம் மாறியிருக்கிறது" என்று ஒரு வரி!

இன்னும் எந்தெந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது? எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. விற்றது போக மிச்சப் பிரதிகளைக் காசிநாதன் சார் நிறுத்தி வைத்திருக்கிறார். நீ வந்து திருத்திக் கொடு. அட்டையில் உன் பெயர் போடுகிறேன். முதலில் உன் பெயர், பிறகு என் பெயர். மஹீரா மடிப்பு என்றே போடுகிறேன். நோட்டையும் தருகிறேன். வா சல்மா.

விஜி

~

மாமல்லபுரம்
14.3.2025

விஜயகுமாரிக்கு,

திருத்த வேண்டிய இடங்கள் ஒன்பது. தனித்தாளில் பக்க எண்ணோடு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். முதலில் 41, 44, 52 மூன்றையும் மாற்றச் சொல்லுங்கள், மூன்றிலும் கத்தி வருகிறது. மற்றவை மடிப்பு கோணலாகிற விஷயந்தான், யாருக்கும் அடிபடாது. ஏற்கெனவே வாங்கிப்போனவர்களுக்கும் எப்படியாவது சொல்லி அனுப்புங்கள்.

ஆமாம், எனக்குத் தெரியும். புத்தகம் வந்த அன்றே தெரியும். அந்தப் பக்கத்தைப் படித்ததும் "மாட்டிக்கிட்டா" என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். என் நோட்டு என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது, அதை உடனே கொடுத்துவிட்டால் நீங்கள் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு போய்விடுவீர்கள் என்று பூட்டி வைத்துக்கொண்டேன். யாராவது ஒரு பெண் அதைப் பார்த்து வெட்டுவாள் என்று தோன்றாமல் இல்லை. தோன்றியது. 'கொஞ்சம் கீறினால் தெரிந்துகொள்வாள்' என்று நினைத்தேன். நான் நினைத்தது கீறலைத்தான். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நேற்று மறைமலைநகர் போயிருந்தேன். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் விசாரித்துப் பூங்கொடி வீட்டைக் கண்டுபிடித்தேன். பழைய வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் என்று மட்டும் சொன்னேன். கட்டு பெரிதாக இருக்கிறது. ஒற்றைக் கையால் எனக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். நோன்பு என்று சொன்னதும், "ஐயோ, தெரியாம பூட்ச்சிக்கா" என்று டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

ஏன் மாற்றிப் பிடிக்கவில்லை என்று கேட்டேன். "கம்பெனில சீட்டுல இன்னா போட்டுக்கீதோ அத்தத்தான்கா செய்யணும். நாமளா மாத்துனா மெமோ. அதே பழக்கம். புக்குல லெப்ட்டுன்னு போட்டுருந்துச்சு, லெப்ட்டுலயே வெச்சேன். கஷ்டமாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சிகினேன்" என்றாள். புத்தகத்தின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. தன் மேல்தான் கோபம்.

அதனால் அட்டையில் என் பெயரைப் போட வேண்டாம். நோட்டும் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மஹீராவிடமும் சொல்லிவிட்டேன். "ஏன்" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவளும் என்னோடு சரியாகப் பேசவில்லை. இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன். நீங்கள் கெட்டவர் என்பதற்காக இல்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் எனக்கு அந்த விரல்கள் ஞாபகம் வரும். என் கையெழுத்தைப் பார்த்தால் உங்களுக்கும் வரும்.

கிளம்பும்போது அவளுடைய புத்தகம் ஜன்னலில் இருந்தது. ஓரத்தில் ரத்தக்கறை. அதைக் கேட்டு வாங்கி, என் பேனாவால் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் 'இடது' என்பதை அடித்து 'வலது' என்று எழுதினேன். பிறகு மற்ற எட்டு இடத்திலும். இடது கையால் எழுதுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்தப் பக்கம்னு தேடாமயே திருப்புறீங்களே" என்றாள். பிறகு மெதுவாக, "இந்த புக்கு எழுதுனது நீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. நான்தான் எழுதுனேன்" என்றேன்.

அவள் எழுந்தாள். நான் குடிக்காத டம்ளரை வலது கையால் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உம்மு சல்மா