புதிதாகச் சேர்ந்த மாணவர்

அன்புள்ள அக்கா,

இங்கே ஹாமில்டனில், நம் நாட்டிலிருந்து குடியேறுகிற டச்சுக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன் அல்லவா? சனிக்கிழமை ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். குடியுரிமை நேர்காணலுக்குப் பயிற்சி வேண்டுமாம்.

"போர் நடந்தப்ப என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"ரொட்டிக்கடையில இருந்தேன், டீச்சர்."

எனக்கு அந்தக் குரல் தெரியும். ஜெர்மானியரோடு நம் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூட்டிப்போனபோது, "கோட்டை மாட்டிக்கோங்க, வெளியில குளிருது" என்று சொன்ன குரல் அது. நான் அவருடைய ஆங்கிலப் பிழையை மட்டும் திருத்தினேன்.

போகும்போது, "நீங்க எந்த ஊரு டீச்சர்?" என்று நம் மொழியில் கேட்டார். நம் ஊரைச் சொல்லாமல் ராட்டர்டாம் என்றேன்.

"பேச்சு எங்க ஸ்வோல ஊர்ப் பக்கம் மாதிரி இருக்கே" என்று சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் பாடத்துக்கு என் வீட்டுக்கு வருவார். இனி கடித உறையில் என் பெயரோடு என் கணவர் பெயரை மட்டும் எழுது, அக்கா. அப்பாவின் பெயரைச் சேர்க்காதே.

உன் தங்கை