விதைக்குழியில் சொல்லும் சொல்

கண்ணு இபு,

வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நீ இருக்கிறப்போ இந்தக் கடுதாசி உன் கைக்கு வரணும். இங்க நான், உங்கப்பா, குதிரைங்க மூணும் சௌக்கியம். மனசுதான் சௌக்கியமா இல்லடி.

போன தடவை நீ கேட்ட பட்டியலை உட்கார்ந்து எழுதி அனுப்பினேனே, குதிரை மேயுற புல்வெளிக்கு மராடா, சோளம் போடுற தோட்டத்துக்கு வோகா, அப்படியே வரிசையா. பெத்த பொண்ணு தீவு தீவாப் போயி, வயலுக்கு அங்க என்ன பேரு, புல்லுக்கு என்ன பேருன்னு எழுதிச் சேர்க்கிறா, அதுல நம்ம சும்பாத் தீவுச் சொல்லும் ஏறணும்னு எனக்கு ஒரே ஆசை. அந்த ஆசையில புத்தி கெட்டுப்போயிக் கடைசி வரியில அந்தச் சொல்லையும் எழுதிட்டேன். உங்கப்பா விதைக்கிற அன்னைக்கு முதல் குழியில வாயை வச்சு மண்ணுக்கு மட்டும் சொல்ற, வேற எங்கயும் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாத வயலோட பேரு. முப்பது வருஷமா விதைக்கூடையைத் தூக்கிக்கிட்டு அவர் முதுகுக்குப் பின்னால நிக்கிறேன், காதுல விழாமலா இருக்கும்? வாயால சொன்னாத்தானே குத்தம், எழுதினா என்னன்னு நினைச்சேன். அது எந்தச் சொல்லுன்னு பக்கத்துல குறிச்சிருந்தாலாவது நீ உஷாராயிருப்ப. அதுக்கும் பயந்து விட்டுட்டேன் பாவி.

இப்ப உன் கடுதாசி வந்துச்சு. அம்மா, நீ கடைசியா எழுதின சொல்லு இந்த பிலிப்பைன்ஸ் ஊர்ல சின்னப் புள்ளைங்க வாயில கூட இருக்கு, வயலுக்கு இவங்க சாதாரணமாச் சொல்றதே அதுதான், நானும் தினம் அதைச் சொல்லித்தான் வழி கேட்டுப் போறேன், இவங்க பாஷையும் நம்ம பாஷையும் ஒரு வயித்துல பொறந்ததுன்னு துள்ளிக் குதிச்சு எழுதியிருக்க. தினமா? சத்தமாவா? அந்த ஊர்க்காரங்க அவங்க நெல்லை எப்படியோ பார்த்துக்கட்டும், எனக்கு உன் கவலை. உங்க பெரியப்பா ந்திலு கல்யாண வீட்டுல குடிச்சிட்டு ஒரே ஒரு தடவை உளறினாரே, என்ன ஆச்சு? சாகுற வரைக்கும் வயல்ல கால் வைக்கல, அந்த நெல்லுல ஒரு வாய் தின்னல. அறுத்த புது நெல்லைப் பொங்குற புதுச்சோறு அன்னைக்கு எல்லாரும் வயலுக்குள்ள உட்கார்ந்து சாப்பிட, அவர் மட்டும் வேலிக்கு வெளியே புல்லுல சோளக்கதிரைக் கடிச்சிக்கிட்டு இருப்பாரு. நீதானே அவருக்கு வெத்தலை கொண்டுபோயிக் குடுப்ப. அந்த எடத்துல உன்னை நினைச்சுப் பார்த்தேன்.

மறைச்சிடலாம்னுதான் பார்த்தேன். நாலு பக்கக் கடுதாசியை நாலு வரியாப் படிச்சுக் காட்டினா உங்கப்பா விடுவாரா, எழுதப் படிக்கத் தெரியாட்டாலும் என் மூஞ்சியைப் படிக்கத் தெரிஞ்ச மனுஷன். சொல்லிட்டேன். வெத்தலைப் பையை எடுத்து ஓரமா வச்சாரு. அப்புறம் சொன்னாரு, என் அண்ணனுக்கு வேலியைச் சாத்தினவன் என் மகளுக்குத் திறந்து விட்டா எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு மண்ணுகிட்ட குனிவேன்னு. கல்லு மனசுன்னு கத்தினேன். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்துச்சு.

இன்னைக்கு விடிஞ்சதும் நான் போனேன் இபு. புல்வெளி முடிஞ்சு வயல் ஆரம்பிக்கிற எடத்துல நின்னேன். இடி விழுமோ, வாய் கோணிக்குமோன்னு அவ்வளவு பயம். ஆனா வருஷா வருஷம் என் மக தனியா வெளிய உட்காருவாளேங்கிற பயம் அதைவிடப் பெருசா இருந்துச்சு. சொல்லிட்டேன். அந்தச் சொல்லை ஊருக்கே கேக்குற மாதிரி மூணு தடவை சொன்னேன். செவலைக் குதிரை தலையைத் தூக்கிப் பார்த்துட்டு மறுபடி மேஞ்சுது, அவ்வளவுதான்.

களை எடுத்துக்கிட்டிருந்த உங்கப்பா நிமிர்ந்தாரு. வந்து என் முன்னாலயே வேலி வாசல் மூங்கிலைக் குறுக்க இழுத்துச் சாத்தினாரு. அப்புறம் அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே கேட்டாரு, கிறுக்கி, அறுவடை மாசத்து வெயில்ல நீ வெளிய உட்கார்ந்தா மயங்கி விழுந்துடுவ, பந்தல் போடணும், எத்தனை பேருக்கு ஓலை வெட்டட்டும்னு.

புல்லுக்குள்ள போகும்போது பூச்சி பொட்டு பார்த்துக் கால் வை. அந்தச் சொல்லை அங்க சொல்லித்தான் ஆகணும்னா மெதுவாச் சொல்லு, எனக்குப் பயம் இன்னும் விடல. நம்ம முன்னோருங்க உன்மேல கோபம் வைக்காம, எந்தத் தீவுல இருந்தாலும் உன் தலைமேல கை வைக்கட்டும். அறுவடைக்கு வர லீவு கிடைச்சிருச்சான்னு உடனே எழுது, ஓலை காய நாளாகும். நான் ரெண்டு பேருக்குன்னு சொல்லிட்டேன்.

உன் அம்மா,
ரம்பு காஹி